துடைப்பத்துக்கு ஒரு டெண்டர்

ஜூன் 3, செவ்வாய்

கமலவேணி இன்று காலைப் பஸ்ஸில் தாராபுரம் போய்விட்டாள். தங்கை சரோஜினி வீடு. பெட்டி ஒன்று, கட்டைப்பை இரண்டு, முதுகில் கட்டிக்கொள்ளும் பெல்ட் ஒன்று. குனியக் கூடாது, ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதற்காகப் போயிருக்கிறாள். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

டைரிக்கு முழு விவரமும் தரலாம். நேற்று மத்தியானம் அவள் ஹாலைத் துடைத்து முடித்து, இடுப்பில் கை வைத்து மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தாள். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் தூசி அப்படியே இருக்கிறது என்று நான் சொன்னேன். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னேன். போக்குவரத்துக் கழகத்தில் கொள்முதல் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்து இறங்கிய சரக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதே கிடையாது. கண் அப்படிப் பழகிவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய?

அவள் துணியை வாளிக்குள் போட்டாள். தண்ணீர் என் வேட்டியில் தெறித்தது. அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.

"இனி இந்த ஊட்டுத் தரைய நான் தொடமாட்டனுங்க. தரைக்கு ஒரு வழி பண்ணிப்போட்டுக் கூப்புடுங்க, வர்றேன். இல்லீன்னா சரோஜினி ஊட்லயே இருந்துக்கறேன்" என்றாள்.

தரைக்கு ஒரு வழி. அவ்வளவுதானே? ஆயிரக்கணக்கான பஸ்ஸுக்கு டயருக்கு வழி பண்ணினவனிடம் இரண்டு பெட்ரூம் பிளாட்டின் தரைக்கு வழி கேட்கிறாள்.

ஜூன் 4, புதன்

வீட்டைப் பெருக்கவில்லை. முடிவு எடுக்கும்வரை தற்போதைய நிலையே தொடரட்டும்.

ஜூன் 6, வெள்ளி

பெங்களூரிலிருந்து மகள் சிந்துஜா போன் பண்ணினாள். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளேன் அப்பா என்றாள். வைத்துப் பார்த்தாயிற்று. மூன்று பேர் வந்தார்கள், மூவரும் நிர்வாகக் காரணங்களால் நின்றுவிட்டார்கள். கடைசியாக நின்ற அம்மாளுக்கு நான் வெள்ளைக் கைக்குட்டையால் ஜன்னல் கம்பியைத் துடைத்துக் காட்டினேன். அந்தம்மாள் கைக்குட்டையை வாங்கி அழகாக மடித்து, என் சட்டைப் பையிலேயே சொருகிவிட்டுப் போய்விட்டாள். மரியாதை என்பதே இப்போது யாருக்கும் தெரிவதில்லை.

மாலையில் கிராஸ் கட் ரோடு பக்கம் போனேன். ஒரு கடையில் கண்ணாடித் தடுப்புக்குள் தோசைக்கல் அகலத்தில் ஒரு வஸ்து தானாகத் தரையில் சுற்றிக்கொண்டிருந்தது. தூசியை உறிஞ்சுகிறது. பின்னாலேயே ஈரத் துணியால் துடைக்கிறது. வேலை முடிந்ததும் தன் கூண்டுக்குத் திரும்பிப் போய் அழுக்குத் தண்ணீரைக் கொட்டி, துணியை வெந்நீரில் அலசி, காயவைத்து, சார்ஜ் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. நான் நின்று பார்த்தேன். சுவர் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை விட்டுவிட்டது. "அந்த ஓரம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அது ஒன்றும் திருப்பிப் பேசவில்லை. திரும்பி வந்து அதையும் எடுத்துக்கொண்டு போனது.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்தவன் குடும்பம் நன்றாயிருக்கட்டும்.

விற்பனையாளரிடம் பிரஷ்ஷின் ஆயுள், தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு, உதிரி பாகங்கள் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்தேன். அவர் இதோ வருகிறேன் சார் என்று பிரிட்ஜ் வாங்க வந்தவர்களிடம் போனார். கடை மூடும்வரை வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

ஒப்பீட்டு அறிக்கை தயார். பதினோரு மாடல்களில் எட்டைத் தகுதிச் சுற்றிலேயே நிராகரித்துவிட்டேன். மிச்சம் மூன்று. கம்பெனிப் பெயர்களை டைரியில்கூட எழுதமாட்டேன். டெண்டர் ரகசியம். அ, ஆ, இ என்றே இருக்கட்டும்.

அ: உறிஞ்சும் வேகத்தில் இதை மிஞ்ச ஆள் இல்லை. பாஸ்கல் கணக்கில் ஒரு பெரிய எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அந்த வேகத்தில் கொசுவலையே உள்ளே போய்விடும் போலிருக்கிறது. துடைப்பதற்கு இரண்டு வட்டத் துணிகள் சுழல்கின்றன. கம்பளம் வந்தால் துணியைத் தூக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் கம்பளம் இல்லை. இருந்தாலும் அந்த வசதி இருக்கட்டும்.

ஆ: உருளைத் துணி. மூலை வந்தால் பக்கவாட்டில் ஒரு கையை நீட்டித் துடைக்கிறது. கேமரா உண்டு. செருப்பு, ஒயர், நாய் அசிங்கம் எல்லாவற்றையும் அடையாளம் கண்டு விலகிப் போகும். நாயும் எங்கள் வீட்டில் இல்லை.

இ: உயரம் குறைவு, கட்டிலுக்கு அடியில் போகும். நிலைப்படி வந்தால் சின்னதாகக் கால்களை ஊன்றி ஏறி இறங்குகிறது. பூஜை அறைக்குத் தேக்கில் நிலைப்படி வைத்தே தீர வேண்டும் என்று பில்டரிடம் சண்டை போட்டு வைத்தவன் நான். அதனால் இது முக்கியமான அம்சம்.

அறிக்கையைப் படம் எடுத்து வாட்ஸப்பில் கமலவேணிக்கு அனுப்பினேன். போன் பண்ணவில்லை. போனில் பேசினால் பேச்சு எங்கெங்கோ போகும், எழுத்தில் இருந்தால் பதிவாக இருக்கும். இரண்டு நீலக் குறி வந்தது. பதில் இல்லை. ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

கமலவேணி குடும்பக் குரூப்பில் போட்டோ போட்டிருக்கிறாள். சரோஜினியும் அவளும் வாசலில் உட்கார்ந்து எதற்கோ சிரிக்கிறார்கள். புதுப் புடவை. தலைநிறையப் பூ. பின்னணியில் தெரியும் தரை பழைய சிவப்பு சிமெண்ட். ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கிறது, தண்ணீர் தேங்கும். ரோபோவுக்குக் கொஞ்சமும் ஏற்றதல்ல. குரூப்பிலேயே இதைக் குறிப்பிட்டேன்.

சிந்துஜா தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மை ஒன்றைப் போட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

காகிதத்தில் உள்ளதை நம்பி வாங்கக் கூடாது. களச் சோதனை அவசியம். களச் சோதனைக்கு நிர்ணயிக்கப்பட்ட அழுக்கு அவசியம். எல்லா மெஷினுக்கும் ஒரே அழுக்குதான் நியாயம்.

ஆகவே ஹாலைச் சாக்பீஸால் கட்டம் பிரித்தேன். முதல் கட்டத்தில் முறுக்குத் தூள். இரண்டாவதில் காப்பிப் பொடி. மூன்றாவதில் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி, அதன்மேல் விபூதி. எங்கள் வீட்டில் இயல்பாக விழக்கூடிய அழுக்குகள் இவைதான். நான்காவதில் ரசம். காயட்டும் என்று விட்டிருக்கிறேன். காய்ந்த கறைக்குத்தான் மெஷினின் யோக்கியதை தெரியும்.

நான் இப்போது சுவர் ஓரமாகவே நடமாடுகிறேன். கொஞ்சம் சிரமம்தான்.

ஜூன் 18, புதன்

எறும்பு. மாதிரிகளில் முதல் கட்டம் முழுவதும் களவு போய்விட்டது. மீண்டும் முறுக்கு வாங்கி நொறுக்கினேன். பாதியை நானே தின்றுவிட்டேன், சமைக்கப் பிடிக்கவில்லை.

ஜூன் 21, சனி

மூன்றாவது மாடி பெனடிக்ட் சாரிடம் 'ஆ' மாடல் இருக்கிறது. கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர், மனைவி காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மெஷினுக்குப் பொன்னி என்று பெயர் வைத்திருக்கிறார். சோதனைக்குக் கேட்டேன். சாயங்காலம் அவரே மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார்.

வாசலில் நின்று ஹாலைப் பார்த்தவர் உள்ளே வரவில்லை. "என்ன சார், வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்றார்.

களச் சோதனை என்று விளக்கினேன். முறுக்கும் காப்பிப் பொடியும் சுத்தமாகப் போயின. எண்ணெய்க் கட்டத்தில்தான் பொன்னிக்குத் தடுமாற்றம். எண்ணெயையும் விபூதியையும் குழைத்துக்கொண்டு ஹால் முழுக்கச் சந்தனக்காப்பு சாத்திவிட்டது. தண்ணீர் தீர்ந்து, பூஜை அறை நிலைப்படியில் முட்டிக்கொண்டு நின்றது. பெனடிக்ட் சார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அதன் அடிப்பக்கத்தை ஈரத் துணியால் ஒத்தி ஒத்தித் துடைத்தார். போதும்மா போதும்மா என்று அதனிடம் சொன்னதாகவும் காதில் விழுந்தது.

'ஆ'வுக்கு எண்ணெயில் பூஜ்யம் போட்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் திரும்பினார். "மிஸஸ் எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். கொள்முதல் முடிந்ததும் என்றேன். அவர் பொன்னியைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

ஹாலில் வழுக்கி விழப் பார்த்தேன். 'ஆ' நிராகரிக்கப்படுகிறது.

ஜூன் 24, செவ்வாய்

இன்று எல்லாவற்றையும் முடித்து, நிலைப்படி ஏறத் தெரிந்த 'இ'க்கே ஆர்டர் போடுவதாக இருந்தேன். பேப்பரைப் பிரித்தால் முழுப் பக்க விளம்பரம். 'அ' கம்பெனி அடுத்த மாடலைக் கொண்டுவருகிறதாம். அதில் ஒரு கை இருக்கிறது. தரையில் கிடக்கும் சாக்ஸை எடுத்துக் கூடையில் போடும்.

சாக்ஸ் போடும் ஆள் இந்த வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் கை வந்தபிறகு கையில்லாததை வாங்குவதா? தணிக்கையில் கேள்வி வராதா? மறு டெண்டர் போடுவதுதான் முறை. கமலவேணிக்கும் எழுதினேன்: "முடிவு தள்ளிவைப்பு. புதிய மாடல் காரணமாக."

நீலக் குறி. வழக்கம் போல ஆட்சேபணை இல்லை.

ஜூன் 28, சனி

சிந்துஜா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். சாக்பீஸ் கட்டங்களையும் அவற்றில் விளைந்திருப்பவற்றையும் பார்த்தாள். ரசக் கட்டத்தில் லேசாகப் பூஞ்சை வந்திருப்பது உண்மைதான். மூன்று வாரமாக வீட்டைக் கூட்டவில்லையா என்று கேட்டாள். கூட்டினால் சோதனை கெட்டுவிடும் என்றேன். என் பெண் நல்ல புத்திசாலி, கம்ப்யூட்டர் படித்தவள். ஆனாலும் நடைமுறை என்றால் என்னவென்று அவளுக்குப் புரிவதில்லை.

அவளே சீமாற்றை எடுத்து எல்லாவற்றையும் கூட்டித் தள்ளினாள். என் மாதிரிகள் அத்தனையும் போச்சு. நான் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாப்பிடும்போது சொன்னாள், தாராபுரத்தில் சரோஜினி சித்தியின் மாடி அறையை அம்மாவுக்கென்று ஒழித்துக் கொடுத்துவிட்டார்களாம். அம்மா தன் காசில் ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாளாம்.

கட்டிலுக்கு அடியில் எத்தனை அங்குல இடைவெளி என்று கேட்டேன். 'இ' மாடல் உள்ளே போகுமா என்று தெரிய வேண்டாமா?

சிந்துஜா சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். "ஏம்ப்பா, அம்மா கட்டில் வாங்கியிருக்குதுன்னு சொல்றேன். உனக்குப் புரியுதா?"

புரிகிறது என்றேன். அந்த நேரத்தில் புரியவில்லை. அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான் சுருக்கென்றது. ஓய்வுக்குப் போனவள் கட்டில் வாங்குவாளா? வழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 30, திங்கள்

அவசரக் கொள்முதல் விதியைப் பயன்படுத்தி 'இ'யை வாங்கிவிட்டேன். கை வேண்டாம். கால் போதும்.

ஜூலை 3, வியாழன்

மெஷின் வந்துவிட்டது. பெட்டியைப் பார்த்து வாட்ச்மேன் வாஷிங் மெஷினா என்று கேட்டார். கூண்டு மட்டுமே ஒரு அரிசி மூட்டை உயரம் இருக்கிறது.

முதல் ஓட்டத்தில் வீட்டையே வரைபடமாக வரைந்துகொண்டது. செயலியில் ஒவ்வொரு அறைக்கும் பெயர் வைக்கச் சொன்னது. ஹால், பூஜை, என் அறை என்று வைத்தேன். சமையலறைக்கு வரும்போது கை தானாகக் கமலவேணி என்று அடித்துவிட்டது. மாற்ற வழி தெரியவில்லை. இப்போது ஒரு பெண் குரல், "கமலவேணியைச் சுத்தம் செய்யத் தொடங்குகிறேன்" என்கிறது. கேட்க ஒரு மாதிரி இருக்கிறது.

நிலைப்படியைப் பிரமாதமாக ஏறியது. கால் ஊன்றி, ஒரு நொடி யோசித்து, தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. நான் கைதட்டினேன். திரும்பிப் பார்த்தேன், கூடப் பார்க்க யாருமில்லை.

ஜூலை 5, சனி

மூன்று நாள் சோதனை முடிவுகள். உறிஞ்சுதல்: நன்று. துடைத்தல்: நன்று. மூலை: சுமார். சத்தம்: பரவாயில்லை.

முடி சிக்குதல்: இதுதான் எல்லா மெஷினுக்கும் பெரிய தலைவலி என்று விமர்சனங்களில் எழுதுகிறார்கள். நீளமான முடி பிரஷ்ஷில் சுற்றி, கத்திரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டியிருக்குமாம். நம் மெஷினைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். பிரஷ்ஷில் ஒரு முடி இல்லை. சபாஷ் என்று நூற்றுக்கு நூறு போட்டேன்.

போட்ட பிறகுதான் உறைத்தது. சிக்குவதற்கு இந்த வீட்டில் நீள முடியே இல்லை. முன்பெல்லாம் எங்கே பார்த்தாலும் கிடக்கும். அதற்கும் நான் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நாளை தாராபுரம் போகிறேன். தரைக்கு வழி பண்ணியாயிற்று, கூப்பிடப் போவதுதான் முறை.

ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் பஸ்ஸில் ஏறிப் பல்லடம் வழியாகப் போனேன். அறிக்கை ஒரு பிரதி கையில். மெஷின் ஓடும் வீடியோ போனில். சரோஜினி வீட்டு வாசலை அடைந்தபோது உள்ளே கமலவேணி நீளக் கைப்பிடி வைத்த மாப்பால் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு. முதுகில் பெல்ட் இல்லை.

சரோஜினிதான் முதலில் பார்த்தாள். "வாங்க மாமா, கால் கழுவீட்டு வாங்க. அக்கா இப்பத்தான் தொடைச்சுது" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

நான் வாசலிலேயே நின்று, டாக்டர் சொன்னதை மறந்துவிட்டாயா, தரையைத் தொடமாட்டேன் என்றவள் இங்கே துடைக்கிறாயே என்று கேட்டேன். அக்கறையாகத்தான் கேட்டேன், ஆனால் குரல் விசாரணைக் குரலாக வந்துவிட்டது.

கமலவேணி மாப்பைச் சுவரில் சாய்த்தாள். "நின்னுட்டேதானுங்க தொடைக்கறேன். அப்பறம் இங்க எம் பொறத்தாலயே வந்து யாரும் பாக்கறதில்லீங்க. அதனால வலி தெரியறதில்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பால்காரருக்குக் காசு எண்ணிக் கொடுப்பது போல நிதானமாகச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துப் பாழாய்ப்போன என் கண் தானாக பிரிட்ஜ் ஓரத்துக்குப் போனது. அங்கே தூசி இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கண் போனதை அவள் பார்த்துவிட்டாள். சரோஜினியும் பார்த்துவிட்டாள். சரோஜினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பேச்சை மாற்ற வீடியோவைக் காட்டினேன். நிலைப்படி ஏறும் கட்டத்தில் சரோஜினி அடேயப்பா என்றாள். கமலவேணியும் குனிந்து ஆர்வமாகத்தான் பார்த்தாள். எனக்குத் தெம்பு வந்தது. அறிக்கையை விரித்து ஒவ்வொரு அம்சமாக விளக்கினேன். அவள் மூன்றே மூன்று கேள்வி கேட்டாள். அழுக்குத் தண்ணியை யார் கொட்டுவது? பிரஷ்ஷில் சிக்குவதை யார் எடுப்பது? அது ஓடும் முன்னால் தரையில் கிடக்கிற பேப்பரையும் துண்டையும் செருப்பையும் யார் எடுத்து வைப்பது?

எத்தனையோ பேரை எதிர்கொண்டவன் நான். இந்தக் கேள்விக்கும் பளிச்சென்று பதில் சொன்னேன்.

"அதெல்லாம் ரொம்பச் சுலபம் கமலா. நீ வந்தீன்னா ஒரே நாள்ல கத்துக்கலாம்."

சரோஜினி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். கமலவேணி அறிக்கையை நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"என்னையத் தேடி வந்தீங்கன்னு நெனச்சனுங்க. மெஷினுக்கு ஆள் தேடியில்ல வந்திருக்கீங்க."

மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம் போட்டாள். நெய்யும் ஊற்றினாள். இரண்டாவது தடவை கேட்டு ஊற்றினாள். மூன்று மணி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். பல்லடம் தாண்டும்வரை கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் தூசியாக இருக்கிறது என்று ஜன்னலை மூடினார்.

ஜூலை 7, திங்கள்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 9, புதன்

மெஷின் இன்று நடு ஹாலில் நின்றுவிட்டது. அழுக்குத் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யவும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் குரல். யாரிடம் சொல்கிறது என்று முதலில் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

தொட்டியைக் கழற்றினேன். ஆறு நாள் தண்ணீர். வந்த நாற்றத்துக்குக் குடலைப் பிடுங்கியது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பாத்ரூமில் கொட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மூலையில் கறை போகவில்லை. மண்டி போட்டுத் தேய்த்தேன். எழுந்தபோது இடுப்பில் மளுக்கென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தேன். அந்த நேரத்தில் யாராவது வந்து இன்னும் அந்தப் பக்கம் அழுக்காக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் தொட்டியாலேயே போட்டிருப்பேன்.

சரி. எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை.

ஜூலை 11, வெள்ளி

மெஷினுக்கு முன்னால் நான் போக வேண்டியிருக்கிறது. பேப்பர், துண்டு, கண்ணாடிக் கூடு, செருப்பு எல்லாவற்றையும் பொறுக்குகிறேன். எல்லாம் நானே போட்டவை. ஒரு ஆள் இத்தனையைக் கீழே போடுவானா? மெஷினுக்குப் பின்னாலும் நான்தான் போக வேண்டியிருக்கிறது. காப்பித் திட்டு ஒன்றை அது மூன்று தடவை சுற்றிவிட்டுப் போனது. துணியை நனைத்து நானே துடைத்தேன். இதற்குத்தான் பிரீமியம் என்று பெயர்.

பெனடிக்ட் சாரிடம் லிஃப்டில் சொன்னேன், நம் வேலை ஒன்றும் குறையவில்லையே சார் என்று. யாருக்குக் குறையணும்னு வாங்கினீங்க என்று கேட்டார். அவர் மாடி வந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் கமலவேணிக்குப் போன் போட்டேன். வாட்ஸப் இல்லை, போன். அவள் போனதிலிருந்து இதுதான் முதல் தடவை. கையில் காகிதம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, அதனால் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். எந்தப் பக்கம் வலிக்கிறது, படுத்தால் எப்படி, எழுந்தால் எப்படி, இங்கே ஒரு அம்மாள் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறாள், அதில் எவ்வளவு தேவலை, போன வருஷமே ஆரம்பித்த வலி அது, அப்போதே சொன்னேனே என்று. அப்போது சொன்னது எனக்கு ஞாபகமில்லை. இருக்கிற மாதிரி நடிக்கவும் இல்லை. ம் கொட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். டாக்டரை மாற்றலாமா என்று ஒரு யோசனை வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

எனக்கும் புதன்கிழமை இடுப்புப் பிடித்துவிட்டது என்று சொன்னேன். எப்படி என்று கேட்டாள். சொன்னேன். பாத்ரூமில் மண்டி போட்ட இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்க என்றாள்.

அப்புறம் அவள் கேட்டாள்.

"ஊடு எப்படீங்க இருக்குது? தரையெல்லாம்?"

நான் ஹாலில்தான் நின்றுகொண்டிருந்தேன். மெஷினும் நானும் சேர்ந்து அரை மணி முன்னால்தான் முடித்திருந்தோம். ஜன்னல் வெயில் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. சோபாவுக்குக் கீழே குனிந்தால் தெரியும், கதவிடுக்கில் விரலை விட்டால் தெரியும். பார்க்காமல் நான் எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

"நான் பாக்கலே" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வருகிறாளாம். இங்கேயே இருந்துவிட வரவில்லையாம், ஒரு வாரம் இருந்து பார்ப்பதற்கு வருகிறாளாம். அதனால் பாதித் துணியைத்தான் எடுத்து வருவாளாம், மீதி சரோஜினி வீட்டு பீரோவிலேயே இருக்கட்டுமாம்.

சரி என்றேன். எந்த பஸ் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.